பித்தவெடிப்புக்கு மீன் தொட்டியா, பார்லரா, வெந்நீரா?

"அக்கா, மதுரைக்குப் போறோம். மால்ல காலை மீன் கடிக்க விடுற இடம் இருக்காம். விடலாமா?"

கல்யாண மாதம் நெருங்கினால் என்னிடம் வருகிறவர்களில் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுவார். காரைக்குடியில் சின்னதாக ஒரு பார்லர் நடத்துகிறேன். நாள் முழுக்க அடுத்தவர் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிற வேலை. அதனால் 'போங்க', 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனசு வராது. யார் கால், எதற்காக, விசேஷம் எப்போது, வீட்டில் சர்க்கரை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பேன். அப்படி நேரில் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் பக்கத்துக் கால்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பெரிய வீட்டில் விசேஷம் என்றால் முகப்பிலிருந்து வளவுக்கும், வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்கும் பொழுது விடிந்து பொழுது அடையும் வரை வெறுங்காலோடுதான் நடை. அடுப்படியில் சமையல் ஆட்கள் விடிய விடிய நின்றுகொண்டே இருப்பார்கள். ஆத்தங்குடித் தரைக் கல் போடுகிற பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் சிமெண்டிலேயே புழங்குகிறார்கள். சிமெண்டின் காரம் தோலில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களின் பாதம் ஒரு தனி ரகம். இதற்கு மேல் நம் ஊர் வெயிலும் செம்மண் புழுதியும்.

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. உடம்பின் மற்ற இடங்களில் தோல் தானே கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கொள்ளும்; பாதத்துக்கு அந்த வசதி இல்லை. நாம் நிற்கும்போது குதிகாலின் அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தை பக்கவாட்டில் பிதுங்குகிறது. மேலே இருக்கும் தோல் தடித்துக் காய்ந்து கிடந்தால் அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் பிளந்துவிடும். அதுதான் பித்தவெடிப்பு. குதிகால் திறந்திருக்கும் ரப்பர் செருப்பு போடுகிறவர்களுக்கு இது அதிகமாக வருவதும் இதனால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த வழி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது புரிந்துவிடும்.

சரி, மீன் தொட்டிக்கு வருவோம். அதில் இருக்க வேண்டிய மீனுக்குப் பெயர் காரா ரூஃபா. விரல் நீளம்கூட இல்லாத, சாம்பலும் பழுப்புமான சின்ன மீன். துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் பக்கத்து ஆறுகளில் வாழ்வது. (இதே குலத்து மீன்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் உண்டு. ஓடையில் கால் வைத்தவுடன் வந்து மொய்ப்பவற்றில் அவையும் இருக்கும்.) துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் கங்கல் என்று ஓர் ஊர். அங்கே வெந்நீர் ஊற்று இருக்கிறது. தண்ணீர் ஏறக்குறைய நம் உடம்புச் சூடு, 35 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் மீனுக்கு வேண்டிய பாசியும் நுண்ணுயிரும் சரியாக வளர்வதில்லை. வேறு வழியில்லாமல் குளிக்க வருகிறவர்களின் செத்த தோலை அவை கொறிக்கப் பழகின. அதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க ஃபிஷ் ஸ்பா கிளம்பியது.

விளம்பரத்தில் 'மருத்துவர் மீன்' என்று போடுகிறார்களே, அதற்கு ஆதாரமே இல்லையா என்றால், இருக்கிறது. 2006-இல் ஆஸ்திரியாவில் சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ள 67 பேரிடம் செய்த ஆய்வு வெளியானது. தோல் நன்றாகவே தேறியதாக அதில் சொன்னார்கள். ஆனால் அவர்கள் 3 வாரம், தினமும் 2 மணி நேரம் மீனோடு தண்ணீரில் இருந்தார்கள். கூடவே புற ஊதா ஒளி சிகிச்சையும் நடந்தது. நாம் மாலில் உட்காரப்போவது கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி நேரம். அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மீனின் எச்சிலில் மருந்து சுரக்கிறது என்று சில இடங்களில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

நான் போய்ப் பார்த்திருக்கிறேன். தொழில் அப்படி, தெரியாமல் பேசக் கூடாது என்றுதான் போனேன். காலைத் தண்ணீரில் இறக்கிய உடனே மொத்தக் கூட்டமும் ஒரே பாய்ச்சலாக வந்து அப்பிக்கொள்ளும். முதல் நிமிஷம் கூச்சம் தாங்காது. விரல் இடுக்கில் ஒன்று நுழைந்துவிட்டால் நம்மை அறியாமல் காலை வெடுக்கென்று தூக்கிவிடுவோம். பாதத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கூச்சம் மெல்லிய குறுகுறுப்பாக மாறிவிடுகிறது. குனிந்து பார்த்தால் தெரியும்: பல் இல்லாத வாயைத் தோலில் ஒட்டி ஒட்டி எடுக்கும். அதிகம் கூடுவது குதிகால் ஓரத்திலும் கணுக்காலுக்குக் கீழும். வெளியே எடுத்ததும் மேல்தோல் மெத்தென்று இருந்தது உண்மை. ஆனால் தடித்த குதிகால் தோலில் பெரிய மாற்றம் இல்லை. வெடிப்பு இருந்தது இருந்தபடி இருந்தது. அந்த மெத்தென்ற தன்மையிலும் பாதி, காலைத் தண்ணீரில் ஊறவைத்ததாலேயே வந்தது என்பது என் கணிப்பு. ஊறிப்போன மேல் படலத்தை மட்டும்தான் அந்த வாயால் எடுக்க முடியும்.

ஆக, பித்தவெடிப்பு போக வேண்டும் என்பதற்காக மீன் தொட்டிக்குப் போகாதீர்கள். பிள்ளைகளோடு சிரித்துக் கூச்சல் போட்டுவிட்டு வர ஒரு அனுபவம் வேண்டுமா, அது வேறு கதை. அதற்குப் போகலாம். ஆனால் இடம் பார்த்துப் போக வேண்டும்.

காரணம் தண்ணீர். பார்லரில் ஒரு ஆள் எழுந்ததும் தொட்டியைக் காலி செய்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினி ஊற்றிக் கழுவலாம். மீன் இருக்கிற தொட்டியில் அது நடக்காது. குளோரின் போட்டால் மீன் செத்துவிடும். மீனையும் கழுவ முடியாது. முதல் ஆளின் காலைக் கொறித்த அதே வாய்தான் பத்தாவது ஆளின் காலையும் கொறிக்கிறது. அமெரிக்காவில் 10-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் மீன் பெடிக்யூரைத் தடை செய்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு காரணம், மீனைப் பட்டினி போட வேண்டியிருப்பது. காரா ரூஃபா விரும்பித் தின்பது பாசியை. வயிறு நிறைந்த மீன் நம் காலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இது எனக்கு மனசைக் கஷ்டப்படுத்துகிற விஷயம். சைவ வீடுகளிலிருந்து வருகிறவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லிவிடுவேன், அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று.

நோய் வருமா என்று கேட்டால், வாய்ப்பு குறைவு, ஆனால் உண்டு. பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2011-இல் இதை ஆராய்ந்து, ஆரோக்கியமானவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்றே சொன்னது. அதே ஆண்டு இந்தோனேசியாவிலிருந்து பிரிட்டனுக்கு வந்த காரா ரூஃபா மீன்களில் நோய் பரவி, சோதித்தபோது மனிதருக்கும் தொற்று உண்டாக்கக்கூடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி இருந்தது. 2018-இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணின் கால் நகங்கள் கழன்றதற்கு மீன் பெடிக்யூர்தான் காரணமாக இருக்கலாம் என்று தோல் மருத்துவர் ஒருவர் மருத்துவ இதழில் எழுதினார்.

இதையெல்லாம் விட நான் அதிகம் பயப்படுவது மீனை மாற்றி விடுவதற்கு. காரா ரூஃபா என்று சொல்லிக்கொண்டு, பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் 'சின்சின்' என்ற மீனை விடுகிற இடங்கள் உண்டு. அது வளர வளரப் பல் முளைக்கும். ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்துவிடும். தொட்டியில் மீன்கள் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்திருந்தாலோ, கொறிக்கும்போது கூச்சமாக இல்லாமல் சுருக்கென்று குத்தினாலோ, காலை எடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

பொருட்காட்சியில் போடுகிற தொட்டிக்கும் மாலில் இருக்கிற ஸ்பாவுக்கும் வித்தியாசம் உண்டா? உண்டு, பெரிய வித்தியாசம். பொருட்காட்சியில் பெரும்பாலும் ஒரே தொட்டியைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். புழுதியில் நடந்த காலோடு வரிசை நிற்கும். காலைக் கழுவிக்கொள்ளத் தனிக் குழாய் இருக்காது. அந்தத் தொட்டியில் கால் வைக்க வேண்டாம் என்பதுதான் என் தீர்மானமான பதில், குழந்தை எவ்வளவு அடம் பிடித்தாலும் சரி. கடைக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் மாறினாலும், மாலில் ஆளுக்கொரு தொட்டி, ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டர், புற ஊதா விளக்கு என்று வைத்திருக்கிற இடங்களும் உண்டு. உட்காரும் முன் அவர்கள் உங்கள் காலைத் திருப்பிப் பார்க்கிறார்களா, புண் இருக்கிறதா என்று கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்கவே இல்லை என்றால் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவரையும் கேட்டிருக்க மாட்டார்கள். தண்ணீரில் வாடை வந்தாலும், செத்த மீன் மிதந்தாலும் அங்கே வேலை இல்லை. முந்தின நாள் காலில் ஷேவிங், வேக்ஸிங் செய்திருந்தால் போகாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். லோஷன் தடவிக்கொண்டும் போக வேண்டாம், அது மீனுக்கு ஆகாது.

காசே இல்லாத மீன் பெடிக்யூர் நம் ஊரில் எப்போதும் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கவே விடமாட்டார்கள், அது நல்ல கட்டுப்பாடு. குளிக்கிற குளத்திலோ கண்மாய்க் கரையிலோ படியில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் கெண்டைக் குஞ்சுகள் வந்து கொறிக்கும். அந்தச் சுகத்தை நான் மறுக்க மாட்டேன். என் அப்பத்தா குளத்துக்குப் போனால் குதிகாலைச் செம்புறாங்கல் படியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் எழுந்திருப்பார். உண்மையில் அந்தக் காலத்துக் கால்களைக் காப்பாற்றியது மீன்களைவிட அந்தச் சொரசொரப்பான படிதான் என்று நினைக்கிறேன். ஊறிய தோலைத் தினமும் லேசாகத் தேய்த்து எடுத்தார்கள், தடிக்கவே விடவில்லை. ஆனால் வெடித்த காலோடு மாடு இறங்குகிற தேங்கிய தண்ணீரில் போய் உட்காராதீர்கள். எலி, மாட்டின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் வரும். மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

அடுத்து, நான் செய்கிற வேலை. பார்லர் பெடிக்யூரில் காலை ஊறவைத்து, தேய்த்து, நகம் வெட்டி, கிரீம் போட்டு அனுப்புகிறோம். தடித்த தோலை மீனைவிடப் பல மடங்கு நன்றாக இது எடுக்கும், வந்த அன்றைக்கே கால் பார்க்க அழகாகிவிடும். என் தொழில் என்பதற்காக இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2000-இல் கலிபோர்னியாவில் ஒரே நெயில் சலூனுக்குப் போன 100-க்கும் மேற்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத கொப்புளங்கள் வந்தன. நீர் சுழலும் கால் தொட்டிகளில், தண்ணீரை உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் அடைந்து கிடந்ததும், அதில் கிருமி வளர்ந்ததும்தான் காரணம். அதனால் நான் மோட்டார் தொட்டி வாங்கவில்லை. சாதாரண பிளாஸ்டிக் டப், ஒவ்வொரு ஆளுக்கும் கழுவிக் காயவைத்தது. நீங்கள் எந்தப் பார்லருக்குப் போனாலும், கருவிகளை உங்கள் கண் முன்னால் கழுவிக் கிருமி நீக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். குதிகாலை பிளேடு போட்டுச் சீவுகிறவர்களிடம் மட்டும் காலைக் கொடுக்காதீர்கள். ஆழமாகச் சீவினால் புண்ணாகும். புண்ணாகாவிட்டாலும் தோல் முன்பைவிடத் தடிப்பாக வளரும். தேய்க்கிற ஃபைல், அதுவும் மிதமாக, போதும்.

ஆனால் பார்லர் வேலையின் பலன் ஒரு வாரத்துக்கு மேல் தங்காது, வீட்டில் தொடர்ந்து பார்த்துக்கொள்ளாவிட்டால். பித்தவெடிப்புக்கு உண்மையான வைத்தியம் ராத்திரி படுக்கப் போகும் முன் வீட்டில் செய்வதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிஷம் காலை வையுங்கள். கல் உப்பைக் கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். அவ்வளவு வேண்டாம், தோல் இன்னும் காய்ந்துபோகும். குதிகால் தேய்க்கிற கல்லால் இதமாகத் தேய்த்து, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் கிரீம் போட வேண்டும். இந்த 'காய்வதற்குள்' என்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். யூரியா கலந்த குதிகால் கிரீம் மருந்துக்கடையில் கிடைக்கும். யூரியா தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தடித்த தோலை இளக்கும். அது இல்லை என்றால் வாசலின், விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவானாலும் ஒன்றுமில்லாததற்கு மேல். மேலே பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தால் பாயில் ஒட்டாது, பலனும் கூடும். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் வெடிப்பு கூடிவருவதை நீங்களே பார்ப்பீர்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுகிறவர்கள் பூசலாம், ஆனால் அது காய்ந்து தோலை இறுக்கும், மேலே எண்ணெய் போட மறக்காதீர்கள். எலுமிச்சம்பழம் வேண்டாம், எரியும். வெடிப்பின் மேல் மருதாணி வைத்தால் கோடுகள் இன்னும் கருப்பாகத் தெரியும். கல்யாணப் பெண்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நாள் கணக்கும் முக்கியம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டு வைத்தியத்தைத் தொடங்கிவிட்டு, இரண்டு நாள் முன்னால் பார்லருக்கு வந்தால் கால் பளிச்சென்று இருக்கும். பாதயாத்திரை போகிறவர்களுக்கு நேர் எதிர்க் கணக்கு. காய்ப்பு ஏறிய தோல்தான் அவர்களுக்குக் கவசம். கிளம்புவதற்கு முதல் வாரம் வந்து 'நல்லா தேச்சு விடுங்க' என்றால் நான் செய்ய மாட்டேன். இளந்தோலோடு தார் ரோட்டில் நடந்தால் முதல் நாளே கொப்புளம் போட்டுவிடும். அவர்கள் வெடிப்பை மட்டும் கிரீமால் ஆற்றிக்கொண்டு, காய்ப்பை விட்டுவைக்க வேண்டும். மீன் தொட்டி அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். பொடி வெடிப்போடு தொற்றை வாங்கிக்கொண்டு பழனிக்கு நடக்க முடியாது.

சர்க்கரை உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. நம் ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது இருக்கிறார்கள். நாள்பட்ட சர்க்கரையில் காலில் உணர்ச்சி குறையும். மீன் கடித்து ரத்தம் வந்தால்கூடத் தெரியாது, வெந்நீர் சுட்டாலும் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். அவர்களுக்கு மீன் தொட்டி கூடாது. பிரிட்டன் முகமையும் அதைத்தான் சொன்னது. சொரியாசிஸ், எக்ஸிமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எல்லாருக்கும் இதே விதி. சர்க்கரைக்காரர்கள் வீட்டிலும் காலை ஊறவைக்கக் கூடாது. கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, இடுக்கை விட்டுவிட்டு மற்ற இடத்தில் கிரீம் போட்டால் போதும். தினமும் ஒரு தடவை உள்ளங்காலை யாராவது பார்த்துவிட வேண்டும். அயித்தைக்குக் குனிய முடியாது என்றால் மருமகளோ பேத்தியோ பார்க்கட்டும்.

ஒரு காலில் மட்டும் தோல் உரிவது, அரிப்பு, நகம் மஞ்சளாகித் தடிப்பது என்றிருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வெடிப்பில் ரத்தமோ சீழோ வந்தாலும், வலியில் காலை ஊன்ற முடியாவிட்டாலும் என்னிடம் வராதீர்கள், தோல் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு குறைவாலும் தோல் இப்படிக் காயும், அதற்கு எந்தக் கிரீமும் போதாது.

எல்லாம் யோசித்து, நல்ல இடமாகப் பார்த்து மாலில் மீன் தொட்டிக்குப் போகிறீர்களா, சந்தோஷமாகப் போய்வாருங்கள். போகும் முன் காலை நன்றாகக் கழுவுங்கள், எழுந்ததும் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கும் ஒரு வகைக் கிருமி உடனே வேலையைக் காட்டாது. சில வாரம் கழித்துத்தான் காலில் வலியில்லாத சின்ன முடிச்சு மாதிரி கிளம்பும்; சாதாரணப் புண் மருந்துக்கு அடங்காது; மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். அப்படி ஏதாவது வந்தால், 'எப்போதோ போனதுதானே' என்று விட்டுவிடாமல் மீன் தொட்டியில் கால் வைத்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர் சரியான பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.